மூன்று வருடம் பூக்காத டேலில்லி

இன்று காலை ஒன்பது பூ. நேற்று ஆறு. எழுந்ததும் பின்பக்கக் கதவைத் திறந்து எண்ணிப் பார்ப்பது இந்தப் பருவத்தில் எனக்கு வழக்கமாகிவிட்டது. நேற்றுப் பூத்தவை எல்லாம் சுருண்டு நனைந்த துணி போலத் தொங்கிக்கொண்டிருக்கும். அதே தண்டில், ஒரு விரல் தள்ளி, இன்றைய பூ மலர்ந்திருக்கும். எண்ணி முடித்ததும் பெரியம்மாவுக்கு ஒரு செய்தி அனுப்புவேன்: "ஒன்பது." அவ்வளவுதான். அவருக்குப் புரியும்.

இதே செடிக்கு முன்னால் மூன்று வருடம் வெறும் இலையைப் பார்த்தபடி நின்றிருக்கிறேன். நல்ல இலை, பச்சைப் பசேலென்று, முழங்கால் உயரத்துக்கு. யார் வந்து பார்த்தாலும் "செடி எவ்வளவு செழிப்பா இருக்கு" என்பார்கள். பூ மட்டும் இல்லை. டேலில்லி வைத்திருப்பவர்கள் பலருக்கும் இதே குறை இருப்பதைப் பார்க்கிறேன். அதனால் என் தோட்டத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

தவறு பெயரிலிருந்தே ஆரம்பித்தது. லில்லி என்று அழைத்தாலும் இது லில்லி இனம் இல்லை. உண்மையான லில்லிக்கு மண்ணுக்குள் செதில் செதிலாக ஒரு கிழங்கு இருக்கும். அதிலிருந்து ஒற்றைத் தண்டு எழும்பி, அந்தத் தண்டிலேயே இலையும் பூவும் வரும். டேலில்லிக்கு அப்படிக் கிழங்கு கிடையாது. தரைமட்டத்திலிருந்தே நீள நீளமான இலைகள் இரு பக்கமும் விரிந்து ஒரு விசிறி போல நிற்கும். கீழே சதைப்பிடிப்பான வேர்கள், சிலவற்றில் விரல் போலப் பருத்த பகுதிகள். இலையும் வேரும் கூடுகிற இடம்தான் தூர். செடியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. புது இலை, பக்கக் கன்று, பூந்தண்டு எல்லாமே அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

தாவரவியலில் இதன் பெயர் ஹெமரோகாலிஸ். 1753-இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் தன் வகைப்பாட்டில் பதிந்த பெயர். கிரேக்கத்தில் ஹெமரா என்றால் நாள், காலோஸ் என்றால் அழகு. ஒரு நாள் அழகு. எனக்கு அப்போது இது எதுவும் தெரியாது. லில்லி என்ற பெயரை நம்பினேன். லில்லிக் கிழங்கை 15 சென்டிமீட்டர் ஆழத்தில் நடவேண்டும் என்று எங்கோ படித்த ஞாபகம் இருந்தது. அதே அளவில் குழி வெட்டி, வந்த கன்றைக் கழுத்துவரை இறக்கி, மண்ணை நன்றாக மிதித்து மூடினேன். இடமும் அழகாக இருக்கட்டும் என்று மரத்தடியில், உட்காரும் பலகைக்குப் பக்கத்தில்.

முதல் வருடம் பூக்கவில்லை. புதிதாக நட்ட செடி, வேர் பிடிக்கட்டும் என்று இருந்துவிட்டேன். அப்படி இருந்ததில் தவறில்லை. இடம் மாறிய டேலில்லி ஒரு பருவம் சும்மா இருப்பது சாதாரண விஷயம். இரண்டாம் வருடமும் இல்லை என்றதும் எனக்குப் பதற்றம் வந்தது. மட்கிய தொழு உரத்தைக் கூடை கூடையாகத் தூரைச் சுற்றிப் போட்டேன். இலை இன்னும் கருகருவென்று வந்தது. மூன்றாம் வருடம் மண்புழு உரம், அதற்கு மேல் இலைச்சருகு மூடாக்கு, வாரம் ஒருமுறை கடையில் வாங்கிய திரவ உரம். இலை வளைந்து தரையைத் தொட்டது. பக்கத்தில் நின்று பார்க்கும்போது வருத்தமாகவே இருக்கும். இவ்வளவு பார்த்துக்கொள்கிறோமே, இதற்கு இன்னும் என்னதான் வேண்டும் என்று.

அந்த வருடம் பெரியம்மா வந்திருந்தார். அவர் டேலில்லி வளர்த்ததே இல்லை. ஆனால் வாழ்நாள் முழுக்க மண்ணில் கை வைத்தவர். செடியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். அப்புறம் குந்தி உட்கார்ந்து, இலைகளை இரண்டு கையாலும் விலக்கி, ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் விட்டார். விரல் முழுதும் உள்ளே போய்விட்டது.

"எங்கடி இதோட தூரு?"

"உள்ளேதான் பெரியம்மா இருக்கு."

"உள்ளேன்னா எவ்வளவு உள்ளே? கழுத்து வரைக்கும் புதைச்சு வெச்சிருக்கே. தோண்டிப் பாரு."

"இப்போ தோண்டினா செத்துடாதா?"

"வேரைப் பார்த்தா இந்தச் செடி சாகற செடி இல்லைன்னு தெரியும். தோண்டு, நானும் பார்க்கறேன்."

மண்வெட்டி வேண்டாம், வேர் அறுந்துவிடும் என்று சொல்லிவிட்டார். முள் கரண்டி மாதிரி நான்கு பல் உள்ள தோட்டக் கவையை எடுத்து, தூரிலிருந்து ஒரு அடி தள்ளிச் சுற்றிலும் குத்தி, கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினோம். கடைசியில் அது மொத்தமாக எழும்பி வந்தபோது இருவராலும்தான் தூக்க முடிந்தது. குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கழுவினேன். மண் கரையக் கரைய உள்ளே இருந்தது தெரிய ஆரம்பித்தது. வெளியே பச்சையாக இருந்த இலைகள் ஒரு இடத்தில் சட்டென்று நிறம் மாறி, அதற்குக் கீழே வெளிறிப்போய், வெங்காயத்தாளின் அடிப்பகுதி போல வெள்ளையாக நீண்டிருந்தன. அந்த வெள்ளைப் பகுதியை அளந்தேன். ஒரு சாண் நீளம். நான் நட்ட ஆழம் பாதி, வருடா வருடம் மேலே கொட்டிய உரமும் சருகும் மீதி. பூ வரவில்லை என்று நான் செய்த ஒவ்வொரு உபகாரமும் அந்தத் தூரை இன்னும் கீழே தள்ளியிருக்கிறது.

இன்னொன்றும் தெரிந்தது. மரத்தின் மெல்லிய வேர்கள் நூல் போல வந்து இந்த வேர்ப்பந்துக்குள் பின்னிக்கொண்டிருந்தன. விசிறிகளை எண்ணினால் பதினொன்று. நட்டது இரண்டு. ஓரத்தில் இருந்தவை பரவாயில்லை, நடுவில் இருந்தவை பென்சில் தடிமன்தான் இருந்தன. ஒன்றை ஒன்று நெருக்கி, ஒரே பிடி மண்ணுக்குப் போட்டி போட்டுக்கொண்டிருந்திருக்கின்றன.

டேலில்லியின் தூர் மண்மட்டத்துக்குக் கீழே 2.5 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. பூ வேண்டும் என்கிறவர்கள் முதலில் மனதில் வைக்கவேண்டிய அளவு இது. ஆழமாகப் போனாலும் செடி சாகாது. இலை விடும், கன்று விடும், பல வருடம் உயிரோடு இருக்கும். பூக்க மட்டும் தயங்கும். அதனால்தான் இந்தத் தவறு வெளியே தெரிவதில்லை. வாடினால் நாம் கவனிப்போம். செழித்து நிற்கிற செடியில் என்ன கோளாறு என்று யாருக்குத் தோன்றும்?

சரி, பிரித்து நட்டது எப்படி என்று சொல்கிறேன். கழுவிய வேர்ப்பந்தைக் கொஞ்ச நேரம் நிழலில் வைத்தோம். வேர் சற்றுத் துவண்டு, உடையாமல் வளைந்துகொடுத்தது. இரண்டு விசிறிகளை அடியில் பிடித்து முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டினால் பல இடங்களில் தானாகவே பிரிந்து வந்துவிடும். பிரியாத இடத்தில் மட்டும் கூர்மையான சுத்தமான கத்தி. ஒவ்வொரு பங்கிலும் இரண்டு மூன்று விசிறியும் அதற்கான வேரும் இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். அழுகிய வேரை வெட்டி எறிந்தோம். இலைகளை 15 சென்டிமீட்டர் அளவுக்குக் குட்டையாக நறுக்கினோம். வேர் அடிபட்ட நேரத்தில் அவ்வளவு இலைக்கும் தண்ணீர் கொடுக்க அதனால் முடியாது. குழிக்குள் மண்ணைக் கூம்பாகக் குவித்து, அதன் உச்சியில் தூரை உட்காரவைத்து, வேர்களைச் சுற்றிலும் கீழ்நோக்கி விரித்து விட்டு மண் போட்டோம். தண்ணீர் ஊற்றியதும் மண் அமுங்கும், செடியும் கூடவே இறங்கும். அதனால் மறுநாள் போய் விரலை விட்டு மறுபடி பார்க்கவேண்டும். நான் இரண்டு பங்கை மறுநாள் தூக்கி வைத்தேன். ஒன்றுக்கொன்று 45 முதல் 60 சென்டிமீட்டர் இடைவெளி. அப்போது பார்க்கக் காலியாகத்தான் தெரியும். இரண்டு வருடத்தில் நிறைந்துவிடும்.

எங்கே நடுவது என்பதற்கு நான் செய்த ஒரு வேலை இன்றுவரை உதவுகிறது. டேலில்லிக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 6 மணி நேர நேர் வெயில் வேண்டும். நம் தோட்டத்தில் எங்கே ஆறு மணி நேரம் வெயில் விழுகிறது என்று நமக்குத் தெரியும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். நானும் நினைத்தேன். ஒரு விடுமுறை நாளில் காலை ஏழு மணியிலிருந்து மணிக்கு ஒருமுறை வெளியே போய், வெயில் படுகிற பரப்பின் விளிம்பில் கூழாங்கல் வைத்துக்கொண்டே வந்தேன். மாலையில் பார்த்தால் மரத்தடியில் அந்தப் பழைய இடத்துக்கு மொத்தமே இரண்டரை மணி நேர வெயில். நட்ட வருடத்தில் மரம் சின்னதாக இருந்தது, நிழல் வளர்ந்ததை நான் கவனிக்கவில்லை. செடி மொட்டுக்குத் தயாராகிற பருவத்தில் இந்தக் கணக்கை எடுப்பது நல்லது. சூரியன் வருடம் முழுக்க ஒரே பாதையில் போவதில்லை.

ஒரு விதிவிலக்கு. அடர்சிவப்பு, ஊதா, கறுப்புக்கு நெருக்கமான நிற வகைகள் உச்சி வெயிலில் நிறம் கரைந்து திட்டுத் திட்டாகிவிடும். அவற்றுக்குக் காலை வெயிலும் பிற்பகல் நிழலும் சரியாக இருக்கும். மஞ்சளும் ஆரஞ்சும் எவ்வளவு வெயிலையும் தாங்கும்.

பத்து விசிறிகளை வெயிலுக்கு மாற்றினேன். மிச்சமிருந்த ஒரே ஒரு விசிறியைப் பழைய மரத்தடியிலேயே, சரியான ஆழத்தில் நட்டுவைத்தேன். பூக்காததற்குக் காரணம் ஆழமா, நிழலா, நெரிசலா என்று எனக்குத் தெரியவேண்டியிருந்தது. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால் எது வேலை செய்தது என்று எப்படித் தெரியும்?

உரத்தை அந்த வருடம் முழுக்க நிறுத்தினேன். தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகமானால் செடி இலையாகவே தள்ளிக்கொண்டிருக்கும், அதைத்தான் நான் மூன்று வருடமாகப் பார்த்தேன். பூவுக்கு மணிச்சத்து (பாஸ்பரஸ்) என்று கேட்டு அதை அள்ளிப் போடுபவர்களும் உண்டு. மண்ணில் ஏற்கெனவே போதுமானது இருந்தால் கூடுதலாகப் போடுவதில் பலன் இல்லை. மண் பரிசோதனை செய்து பார்த்துவிட்டுக் குறைவதைக் கொடுப்பதே சரி. டேலில்லிக்கு லேசான அமிலத்தன்மையிலிருந்து நடுநிலை வரை, அதாவது 6-க்கும் 7-க்கும் இடைப்பட்ட கார அமில நிலை (pH) பிடிக்கும். தண்ணீர் தேங்காத மண் என்றால் போதும், மற்றபடி இது சமாளித்துக்கொள்கிற செடி.

அடுத்த பருவத்தில் ஒருநாள் காலை, வெயிலில் நட்ட பங்கு ஒன்றின் நடுவில் இலை போல இல்லாத ஒன்று எட்டிப் பார்த்தது. இலை வரும்போது தட்டையாக, மடிப்போடு, கூர்மையாக வரும். இது உருண்டையாக, தடித்து, நுனியில் மூடிய கைமுட்டி போல ஒரு சின்னக் குவியலோடு இருந்தது. பூந்தண்டு! விரலால் தொடக்கூடப் பயந்தேன். அது பத்துப் பதினைந்து நாளில் இலைக்கு மேலே எழுந்து, உச்சியில் கிளை பிரிந்து, கிளைக்குக் கிளை மொட்டு வைத்தது. எண்ணினேன்: பதினான்கு.

இந்தக் கட்டத்தில் செடிக்குத் தேவைப்படுவது தண்ணீர். தண்டு எழும்புவதிலிருந்து பூத்து முடிகிற வரை மண் காய்ந்துபோனால் தண்டு குட்டையாகும், மொட்டுகள் மஞ்சளாகிப் பூக்காமலே உதிரும். வேருக்கு ஆழமாக இறங்கும்படி வாரத்தில் சில முறை நின்று ஊற்றுவது, தினமும் மேலாகத் தெளிப்பதைவிட நல்லது. அதையும் தரையோடு ஊற்றவேண்டும். விரிந்த பூவில் தண்ணீர் பட்டால் இதழில் புள்ளி விழும். ஒரே நாள் இருக்கப்போகிற பூவுக்கு அது ஒரு நஷ்டம்.

முதல் பூ எப்போது விரியும் என்பதை மொட்டு முந்தின நாள் மாலையே சொல்லிவிட்டது. அதுவரை பச்சையும் மஞ்சளுமாக இறுகியிருந்த மொட்டு அன்று பருத்து, பச்சை முழுக்க மறைந்து, நுனி கொஞ்சம் தளர்ந்திருந்தது. விடிவதற்கு முன்பே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். வெளிச்சம் வரும்போது நுனியில் ஒரு மெல்லிய பிளவு. வெளிப்புறத்து மூன்று இதழ்கள் முதலில் விலகி முதுகுப் பக்கமாக வளைந்தன. உள்ளே இருந்த அகலமான மூன்றும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருந்து, ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தன. தொண்டையில் பச்சை, அதற்கு மேலே எலுமிச்சை மஞ்சள், ஓரங்களில் பொன் மஞ்சள். ஆறு மகரந்தத் தாள்கள், அவற்றைத் தாண்டி நீண்டு நுனி மேல்நோக்கி வளைந்த ஒரே சூல் தண்டு. மகரந்தப் பைகள் அப்போது வழவழவென்று மூடியிருந்தன. வெயில் ஏறிய பிறகு பார்த்தால் வெடித்துப் பொடி பூத்திருந்தன. நான் அன்று வேலைக்குத் தாமதமாகத்தான் போனேன்.

மறுநாள் காலை அந்தப் பூ இல்லை. இதழ்கள் ஒட்டிக்கொண்டு கொழகொழவென்று கூம்பிப்போயிருந்தன. தெரிந்ததுதான் என்றாலும் மனம் கொஞ்சம் கனத்தது. இது வாடல் இல்லை. தண்ணீர் ஊற்றினாலும் நிழலில் வைத்தாலும் நிற்காது. நேரம் வந்ததும் இதழின் உயிரணுக்கள் தாங்களே தங்களை உடைத்துக் கரைத்துக்கொள்கின்றன. மலர்கள் எப்படி முதுமை அடைகின்றன என்று ஆராய்கிறவர்கள் டேலில்லியை விரும்பி எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான், கடிகாரம் வைத்தது போல நடக்கும். எல்லா வகையும் காலையில்தான் விரியும் என்றும் இல்லை. எலுமிச்சை மணம் வீசும் ஹெமரோகாலிஸ் சிட்ரினா மாலையில் விரிந்து இரவெல்லாம் பூத்திருக்கும். சில கலப்பினங்களின் பூ 16 மணி நேரத்துக்கு மேலும் நிற்கும்.

ஒரு நாள் பூ என்பதால் இதில் எண்ணிக்கைதான் எல்லாம். ஒரு விசிறிக்கு ஒரு தண்டு, தண்டுக்குப் பதினைந்து மொட்டு என்றால் நான்கு விசிறி உள்ள புதரில் அறுபது பூ. அது மூன்று நான்கு வாரத்துக்குப் பரவி வரும். பூத்த விசிறி தன் பக்கத்திலேயே புது விசிறியை உண்டாக்கும், அதுதான் அடுத்த வருடத் தண்டைத் தரும். அந்தப் புது விசிறிக்குச் சாப்பாடு இந்த வருட இலையிலிருந்துதான் போகவேண்டும். பூ முடிந்ததும் நாம் செடியை மறந்துவிடுகிறோம். பார்க்க அழகாக இல்லை என்று பச்சை இலையையும் சேர்த்து வெட்டிவிடுகிறோம், தண்ணீரை நிறுத்திவிடுகிறோம். அடுத்த வருடப் பூவை வெட்டுவது அந்த நாளில்தான். பூத்து ஓய்ந்த தண்டை அடியோடு வெட்டுங்கள், காய்ந்த இலையை உருவி எடுங்கள், பச்சையை விட்டுவிடுங்கள். நான் இப்போது உரம் கொடுப்பதே அந்த நேரத்தில்தான். ஒரு கைப்பிடி மட்கிய உரம், தூரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தூரின் மேல் ஒரு துளிகூடப் படாமல்.

வாடிய பூவைத் தினமும் கிள்ளுவதும் எனக்குப் பிடித்த வேலை. கூம்பிய பூ பக்கத்து மொட்டில் ஒட்டிக்கொண்டு அதை விரியவிடாமல் செய்யும். அதோடு, பூவின் அடியில் இருக்கும் பச்சைக் குமிழையும் சேர்த்துக் கிள்ளவேண்டும். அது காயாகி விதை பிடித்தால் செடியின் சத்து அங்கே போய்விடும். இதழை மட்டும் உருவினால் போதாது.

குளிரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் முழுமையாகாது. டேலில்லியில் மூன்று சுபாவம் உண்டு. குளிர்காலத்தில் இலை முழுக்க மடிந்து மண்ணுக்குள் உறங்குபவை ஒன்று. வருடம் முழுக்கப் பச்சையாக இருப்பவை ஒன்று. இரண்டுக்கும் நடுவில் ஒன்று. உறங்கும் வகைகளில் பலவற்றுக்கு நல்ல குளிர் கிடைக்கவேண்டும். குளிரே இல்லாத இடத்தில் அவை வருடா வருடம் மெலிந்துகொண்டே போகும், பூவும் குறையும். பசுமை மாறாத வகையைக் கடுங்குளிரில் வைத்தால் அது வேறு விதமாகச் சிரமப்படும். அப்படி ஒரு பொருத்தமின்மை இருந்தால் எந்த ஆழத்தில் நட்டாலும் பலன் குறைவுதான். எனவே படத்தைப் பார்த்து மயங்கி வாங்குவதற்கு முன் அந்த வகையின் இலைச் சுபாவத்தைக் கேளுங்கள். அமெரிக்க டேலில்லி சங்கம் 1946-இல் தொடங்கப்பட்டது. உலகம் முழுவதிலும் உருவாகும் புது வகைகளைப் பதிவு செய்வது அவர்கள்தான். பதிவானவை ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன. ஒவ்வொன்றின் உயரம், பூவின் அகலம், பூக்கும் பருவம், இலைச் சுபாவம் எல்லாம் அந்தப் பதிவில் இருக்கும்.

அவ்வளவு வகை இருந்தும் உண்மையான நீலம் கிடையாது. தூய வெள்ளையும் கிடையாது, வெள்ளை என்று விற்பதில் ஒரு துளி மஞ்சளோ இளஞ்சிவப்போ ஒளிந்திருக்கும். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஸ்டெல்லா டி ஓரோ. வால்டர் ஜப்லான்ஸ்கி உருவாக்கி 1975-இல் பதிவானது. முழங்காலுக்குக் கீழான உயரம், 7 சென்டிமீட்டர் அகலப் பூ, ஒரு சுற்று முடிந்ததும் திரும்பத் திரும்பத் தண்டு விடும் குணம். சாலையோரங்களில்கூடத் தானாக வளர்ந்து நிற்கும் ஆரஞ்சு டேலில்லி, ஹெமரோகாலிஸ் ஃபுல்வா, வேறு ரகம். அதில் பரவலாக இருப்பது வழக்கமான இரண்டு தொகுதிக்குப் பதில் மூன்று தொகுதி குரோமோசோம் கொண்டது, விதை பிடிக்காது. மண்ணுக்குள் கொடி ஓட்டியே பரவும், சின்னத் தோட்டத்தில் மற்றச் செடிகளை நெருக்கிவிடும். அதன் மலட்டுத்தன்மையை ஆராய்ந்தும், மற்ற இனங்களோடு கலந்து புது நிறங்களைக் கொண்டுவந்தும் டேலில்லிக்கு இன்றைய முகத்தைக் கொடுத்தவர் நியூயார்க் தாவரவியல் பூங்காவில் இருந்த ஆர்லோ பர்டெட் ஸ்டவுட். 1934-இல் டேலில்லி பற்றித் தனி நூலே எழுதினார்.

பூச்சி, நோய் பெரிதாக இல்லை. குருத்தில் அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி சேர்ந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும். மொட்டு கோணலாக, நிறம் சிதறி வந்தால் இலைப்பேன் என்ற பொடிப் பூச்சியைத் தேடுங்கள். மொட்டு அளவுக்கு மீறி உப்பி, விரியாமலே இருந்தால் உள்ளே மொட்டு ஈயின் புழு இருக்கலாம். அந்த மொட்டைக் கிள்ளி அழித்துவிடவேண்டும். துரு நோய் வந்தால் வெள்ளைக் காகிதத்தால் இலையைத் துடைத்தால் ஆரஞ்சுப் பொடி ஒட்டும். நோய் பட்ட இலையை அகற்றி, செடிகளுக்கு நடுவே காற்று போகும்படி செய்யுங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். வீட்டில் பூனை இருந்தால் டேலில்லி வேண்டாம். இதன் இலை, பூ, மகரந்தம் எதைத் தின்றாலும் பூனையின் சிறுநீரகம் செயலிழந்துபோகும். ரோமத்தில் ஒட்டிய பொடியை நக்கினாலே ஆபத்து. தின்றுவிட்டது என்ற சந்தேகம் வந்தாலே அறிகுறிக்குக் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். எங்கள் தெருவில் ஒரு பூனை சுவரேறி வரும். அதற்காகவே அந்தப் பக்கத்தில் கம்பி வலை அடித்திருக்கிறேன்.

மரத்தடியில் விட்டுவைத்த அந்த ஒற்றை விசிறிக்கு வருகிறேன். வெயிலில் நட்டவற்றில் முதல் வருடம் ஒரே ஒரு பங்குதான் பூத்தது. இரண்டாம் வருடம் எல்லாமே பூத்தன. மரத்தடி விசிறி முதல் வருடம் ஒன்றும் தரவில்லை. இரண்டாம் வருடம் ஒரு மெல்லிய தண்டு விட்டது. வெளிச்சத்தைத் தேடி ஒரேயடியாகச் சாய்ந்து, நான்கே மொட்டுடன். நான்கில் மூன்றுதான் விரிந்தன. சரியான ஆழம் அதற்குப் பூக்கிற வழியைத் திறந்துவிட்டது, ஆனால் இரண்டரை மணி நேர வெயிலில் அவ்வளவுதான் முடிந்தது என்று எடுத்துக்கொண்டேன். என் தோட்டத்துக்கு அந்த மூன்று பூ நிறையச் சொல்லிக்கொடுத்தது.

இது நான்காம் வருடம். வெயிலில் இருக்கும் புதர்கள் பருத்து, நடுவில் விசிறிகள் நெருங்க ஆரம்பித்துவிட்டன. மூன்றிலிருந்து ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பிரிக்கவேண்டும் என்பது கணக்கு, இந்தப் பருவம் முடிந்ததும் இரண்டு புதரைப் பிரிக்கப்போகிறேன். காயாக விட்டுவைத்த ஒரே ஒரு பூவிலிருந்து கிடைத்த பளபளவென்ற கறுப்பு விதைகளில் நான்கு முளைத்துத் தொட்டியில் நிற்கின்றன. விதையில் வருவது தாயைப் போல இருக்காது. என்ன நிறம் என்று தெரிய இரண்டு மூன்று வருடம் ஆகும்.

இன்று "ஒன்பது" என்று அனுப்பியதும் பெரியம்மாவிடமிருந்து உடனே அழைப்பு வந்தது.

"மரத்தடியில நிக்குதே, அது?"

"அதுல இன்னும் தண்டே வரலை பெரியம்மா."

"இன்னும் எத்தனை நாளைக்கு அதை நிழல்ல வெச்சுப் பார்க்கப் போறே? பார்த்தது போதும்டி. வெயிலுக்குக் கொண்டு வா."

மற்றவை பூத்து முடியட்டும், வெயில் படும் வரிசையின் கடைசியில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன் என்றேன். கூழாங்கல் இன்னும் அங்கேதான் கிடக்கிறது.